அத்தானும் நானும் ஸ்கீ போனது

இல்லை அண்ணை, எனக்கு ஒண்டுமில்லை. நான் அத்தானைக் கொண்டந்து விடுற ஆள். உள்ளுக்கை அவருக்குப் புதுக்கால் பூட்டி நடக்கப் பழக்கினம். ஒரு மணித்தியாலம் எடுக்கும். உங்கடை மனுசிக்கு முழங்கால் எண்டு சொன்னியள், அதுக்கும் அவ்வளவு நேரம் வரும். இருங்கோ. அந்தக் கோப்பி மிசினுக்குள்ளை காசைப் போட்டிடாதேங்கோ, அது வேலை செய்யாது. போன வியாழன் நான் போட்டு ஏமாந்தனான்.

என்ன நடந்ததோ? எல்லாரும்தான் கேக்கினம். சலரோகம், சீனி வருத்தம் எண்டு சொல்லிவிடுவன். எங்கடை சனத்துக்கு அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை, வீட்டுக்கு வீடு ஒராள் இருக்கு. தலையை ஆட்டிப்போட்டுப் பேசாமல் இருந்திடுவினம். நீங்கள் என்னடா எண்டால் இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறியள். சரி, சொல்லுறன். ஸ்கீ போனதால வந்தது.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானெண்டாலும் சிரிப்பன். அறுபத்திமூண்டு வயசுச் சுழிபுரத்து மனிசன், இஞ்சை வந்து இருபத்தினாலு வருசம் பாண் ஃபக்ரரியில நிண்டு நிண்டு வேலை செய்து பென்சன் எடுத்தவர், ஒருநாளும் ஸ்னோவுக்கை விளையாடினதில்லை. அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். ஏன் எண்டு கேளுங்கோ. நல்லதுக்குத்தான் அண்ணை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சால் நான் என்ன செய்யிறது?

அத்தான் எண்டால் என்ரை அக்காவின்ரை மனிசன். நித்தியானந்தன். அக்கா மாலா போன வருசம் ஆனி மாசம் செத்துப்போனா. காலமை தேத்தண்ணி போட்டுக் குடுத்தவ, மத்தியானம் இல்லை. மூளைக்குள்ளை ஏதோ நரம்பு வெடிச்சதாம். அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அத்தானுக்குத்தான் எல்லா வருத்தமும். அப்பிடித்தான் நடக்குது.

செத்த வீட்டில அத்தான் அழேல்லை. வந்த சனத்துக்குக் கை குடுத்தார். சாப்பிட்டியளோ, காரை எங்கை விட்டனீங்கள் எண்டு கேட்டார். சனம் ஒரு மாதிரிக் கதைச்சது. முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தின மனுசிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை, கல்லு மனிசன் எண்டு. என்ரை காதுபடவே சொன்னவை. நானும்தான் அழேல்லை, அதை ஒருத்தரும் கவனிக்கேல்லை. எனக்கு வேலை கூட இருந்தது. ஹோல் பிடிக்கிறது, ஐயருக்குச் சொல்லுறது, பேப்பரில போடுறது. கூடப்பிறந்தது அக்கா ஒராள்தான் எனக்கு. அழுவம் எண்டு பாத்தன், வரேல்லை. சரி, பிறகு வரும் எண்டு விட்டிட்டன்.

அதுக்குப் பிறகு அத்தான் ரீவிக்கு முன்னாலை இருந்தவர்தான். நாடகமும் இல்லை, செய்தியும் இல்லை. வெதர் மட்டும். எந்த ஊரில எத்தினை பாகை, எங்கை ஸ்னோ கொட்டப்போகுது, அதைக் காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் பாப்பார். சாப்பாடு வைச்சால் சாப்பிடுவார். குளியுங்கோ எண்டால் குளிப்பார். கேட்டால், ஓம், இல்லை, சரி. எட்டு மாசம் அண்ணை. ஒரே ஒரு மகள், சாருஜா. நல்ல பிள்ளை. அவளும் வேலையோடை வேலையா இவரையும் பாத்துக் களைச்சுப்போனாள்.

மாசி மாசம் திங்கள் சேத்து மூண்டு நாள் லீவு வந்ததெல்லே, அதுக்கு அவளின்ரை சிநேகிதிக்கு வன்கூவரில கலியாணம். போகமாட்டன் எண்டு நிண்டாள். நான்தான், போ பிள்ளை, நான் பாக்கிறன், நான் என்ன வேற்று ஆளோ எண்டு பேசி அனுப்பினனான். போகேக்கை வாசலில நிண்டு என்ரை கையைப் பிடிச்சாள். "மாமா, எனக்கு இனி அப்பா மட்டும்தான். கவனமாப் பாருங்கோ" எண்டாள். இதைச் சொல்லவும் வேணுமோ எண்டு எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலமை பதினொரு மணி இருக்கும். அவர் வெதர் பாக்கிறார், நான் போனைத் தட்டிக்கொண்டிருக்கிறன். ஒரு விளம்பரம் வருது. கியூபெக்கில ஒரு ஸ்கீ மலை, பேர் வாயில நுழையாது. மோட்டல் ரண்டு இரவு, ரிக்கற் ரண்டு நாள், ஒராளுக்கு நூற்றிப்பத்து டொலர். உது பொய்தான் எண்டு நினைச்சன். அடிச்சுக் கேட்டால் உண்மை. ஆக்கள் அவ்வளவு போகாத மலையாம். எனக்கு ஸ்கீ தெரியும் அண்ணை. மகன்ரை பள்ளிக்கூடத்தோடை மூண்டு தரம் போயிருக்கிறன். சும்மா சொல்லக்கூடாது, விழாமல் வருவன்.

"அத்தான், வெளிக்கிடுங்கோ" எண்டன்.

"எங்கை?"

"மலைக்கு."

"ஏன்?"

"சும்மா."

"சரி" எண்டார்.

அவ்வளவுதான். கிணத்துக்கை குதிப்பம் எண்டு கூப்பிட்டிருந்தாலும் அந்த மனிசன் சரி எண்டிருக்கும். என்ரை மனுசி போனில கத்தினா, உங்களுக்கென்ன விசரே எண்டு. நான் போனை வைச்சிட்டன். யோசிச்சுக்கொண்டிருந்தால் ஒண்டும் நடவாது. அக்காவும் அப்பிடித்தான், எல்லாத்துக்கும் பொறு பொறு எண்டுவா. பொறுத்து என்ன கண்டவ?

செலவைச் சுருக்கத்தான் வேணும். ஸ்கீச் சாமான் வாடகைக்கு எடுத்தால் அது ஒரு அநியாயக் காசு. என்ரை கராச்சில என்ரை சாமானும் கிடக்கு, மகன்ரை பழசும் கிடக்கு. மகன்ரை சப்பாத்தை அத்தானுக்கு எடுத்தன். அவருக்கு எட்டு அளவு, அது ஏழு. ஏழரை எண்டும் சொல்லலாம். ஸ்கீச் சப்பாத்து இறுக்கமாத்தான் இருக்கவேணும் அண்ணை, அது எல்லாருக்கும் தெரியும். தளர்வா இருந்தால் கால் முறியும். பிறகு குளிருக்கு ரண்டு சோடி கம்பளிச் சொக்ஸ். ஊரிலையிருந்து வந்த நாளையில எங்களுக்கு இஞ்சை ஆர் சொல்லித்தந்தது? ஒண்டுக்கு மேல ஒண்டு போடு, ஒண்டுக்கு மேல ஒண்டு போடு, அதுதானே. பேந்து டொக்டர் சொல்லுறான், ரண்டு சொக்ஸ் போட்டால் இன்னும் நெரிக்குமாம். வெள்ளைக்காரனுக்குத் தெரியும். நாங்கள் வெறுங்காலோடை திரிஞ்ச சனம்.

ஆனா மருந்து விசயத்தில என்னிலை ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது. ஊசி, குளிசை, சீனி பாக்கிற மிசின், எல்லாம் ஒரு பாக்கில. நேரத்துக்கு நேரம் விரலில குத்திப் பாத்தனான். இஞ்சத்தைக் கணக்குக்கு ஏழு, எட்டுக்கு மேல ஒருநாளும் போகேல்லை. எழுதி வைச்சிருக்கிறன், வேணுமெண்டால் காட்டுறன். சாப்பாட்டுக்கு மார்க்கம் றோட்டுக் கடையில முப்பது இடியப்பம், சொதி, சம்பல், பொரிச்ச மீன். எனக்கு மட்டும் நாலு மட்டன் றோல். அவருக்கு மாப்பண்டம் கூடாதெல்லே.

ஏழு மணித்தியாலம் ஓடினன். வழியில அத்தான் கதைச்சது ஒண்டே ஒண்டு. காரில வெளிக்குளிர் காட்டும் பாருங்கோ, அது மாற மாறச் சொல்லுவார். "மைனஸ் பத்து." கொஞ்சம் போனால், "மைனஸ் பன்ரண்டு." மொன்றியல் தாண்டினதும், "பதினேழு தம்பி." தம்பி எண்டு கூப்பிட்டார் அண்ணை, எட்டு மாசத்துக்குப் பிறகு. எனக்குச் சந்தோசத்தில பெரிய புளுகம். நான் செய்தது சரி எண்டு அப்பவே முடிவு கட்டிட்டன்.

மோட்டல் பரவாயில்லை. சம்பல் பார்சலைத் திறக்க அந்தப் பிரெஞ்சு மனுசி ஓடிவந்து மூக்கை மூக்கை உறிஞ்சினா. ஒரு இடியப்பம் குடுத்தன், நூலை இழுத்து இழுத்துப் பாத்துப்போட்டுத் திண்டிட்டா.

சனிக்கிழமை விடிய மலைக்குப் போனம். மலை எண்டால் பெரிய மலை, கழுத்தை நிமித்தித்தான் பாக்கவேணும். ஆனா அடியில சின்னப் பிள்ளையளுக்கு எண்டு ஒரு சரிவு இருக்கு. ஒரு ரப்பர் பட்டி ஓடும், அதில ஏறி நிண்டால் மேல கொண்டுபோய் விடும். அத்தானை வாங்கில இருத்தி, முழங்காலில இருந்து நான்தான் சப்பாத்துப் போட்டுவிட்டனான். கால் உள்ளுக்கை போகமாட்டன் எண்டுது. குதியில குத்தி இறக்கினன். கொழுவியளை இறுக்கிப் பூட்டினன்.

"இறுக்குதோ அத்தான்?" எண்டு கேட்டன். கேட்டனான் அண்ணை. கேக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

"இல்லை" எண்டார்.

"நோகுதோ?"

"இல்லை."

அவர் இல்லை எண்டால் நான் என்ன செய்யிறது? காலுக்குள்ளை பூந்து பாக்கிறதே?

விழுந்தார். எழுப்பினன். திரும்ப விழுந்தார். நாலு வயசு, அஞ்சு வயசுக் குஞ்சுகள் சர்ரெண்டு பக்கத்தால போகுதுகள். ஒரு பொடிச்சி, இவ்வளவுதான் இருக்கும், அத்தானுக்கு முன்னாலை வந்து நிண்டு, முழங்காலை மடி மடி எண்டு கையால காட்டிச்சுது. அத்தான் மடிச்சார். நகர்ந்தார். ஒரு இருபது அடி தன்பாட்டில போனார் அண்ணை. பிறகு நிப்பாட்டத் தெரியாமல் நேரா என்னிலை வந்து இடிச்சு, நான் கீழ, அவர் மேல, தடி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். பாத்தால் சிரிக்கிறார். வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "கோதாரி, கோதாரி" எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நான் போனை எடுத்து வீடியோ பிடிச்சு அந்த இடத்திலையே சாருஜாவுக்கு அனுப்பினன். அவள் அங்கை கலியாண வீட்டில நிண்டு பாத்து அழுதவளாம்.

நாலு மணித்தியாலம் விளையாடினம். அஞ்சு எண்டும் வைக்கலாம்.

பின்னேரம் மோட்டலில அவர் கட்டிலில சரிஞ்சு படுத்திட்டார். களைப்பு. நான்தான் சொக்ஸைக் கழட்டினன். மேல் சொக்ஸ் வந்திட்டுது. கீழ்ச் சொக்ஸ் வரேல்லை, ஒட்டிக்கிடந்தது. இழுத்தன். தோலும் சேந்து வந்தது. பெருவிரலுக்குக் கீழ ரண்டு டொலர் குத்திக் காசு அளவில சிவப்பாத் தெரியுது. சொக்ஸ் நனைஞ்சு போச்சு, ரத்தத்தில. வலது கால்.

நிமிந்து அத்தான்ரை முகத்தைப் பாத்தன். அவர் மேல்முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். மனிசர் ஒரு ஊசி குத்தினாலே துள்ளுவினம். இவர் காலை இழுக்கவும் இல்லை.

கொப்புளம்தானே எண்டு நினைச்சன். புதுச் சப்பாத்துப் போட்டால் ஆருக்குத்தான் வராது? தண்ணியால துடைச்சு, பிளாஸ்ரர் ஒட்டி, புது சொக்ஸ் போட்டுவிட்டன். பழசை ஒரு பிளாஸ்ரிக் பையில சுத்திக் கட்டி வெளியில குப்பைத்தொட்டியில கொண்டுபோய்ப் போட்டன். மணக்குமெல்லே, அதுக்குத்தான். அறைக்குள்ளையும் ஒரு தொட்டி இருந்ததுதான். அது சின்னன்.

ஞாயிற்றுக்கிழமை விடிய அத்தான்தான் ஸ்கீ போவம் எண்டவர்.

இல்லை. பொறுங்கோ. நான்தான் கேட்டனான், போவமோ எண்டு. அவர் சரி எண்டார். ரிக்கற் ரண்டு நாளைக்கு வாங்கினது அண்ணை, திருப்பித் தரமாட்டாங்கள். அது மட்டுமில்லை. முதல்நாள் சிரிச்சவரெல்லே? இன்னொருக்காச் சிரிப்பார் எண்டு நினைச்சன். கால் பாக்கிறதுக்கு அறையில இருந்தால் திரும்ப ரீவியைப் போட்டு வெதர் பாக்கத் தொடங்கிடுவார். அந்த ரீவியை எனக்குப் பாக்கேலாமல் கிடந்தது. அதே சப்பாத்தை அதே மாதிரிப் பூட்டினன். வலதுகாலுக்குக் கொழுவியை ஒரு கண் தளத்தித்தான் விட்டனான்.

அண்டைக்குச் சின்னச் சரிவு வேண்டாம், மேல போவம் எண்டு கதிரை லிப்ற்றில ஏத்தினன். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரண்டு பேரும் போறம். கீழ மரமெல்லாம் வெள்ளை. ஒரு சத்தமும் இல்லை. முகம் விறைச்சுப்போய் எனக்குச் சொண்டு அசையுதில்லை. அத்தான் தானாக் கதைக்கத் தொடங்கினார்.

"தம்பி, மாலா போன அண்டைக்கு எனக்கு நோகேல்லை" எண்டார்.

நான் கதிரைக் கம்பியை இறுக்கிப் பிடிச்சன்.

"இப்பவும் நோகேல்லை. எங்கையோ பிழை. நான் இருந்து பாக்கிறன், எப்ப நோகும் எப்ப நோகும் எண்டு. வரேல்லை. அவளுக்கு நான் செய்யிற துரோகம் மாதிரிக் கிடக்கு."

எனக்கும் அப்பிடித்தான் அத்தான் எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "இறங்கேக்கை தடியை முன்னுக்குப் பிடியுங்கோ" எண்டன்.

மேலையிருந்து அவருக்கு வரத் தெரியேல்லை. எனக்கும் அந்த மலை தெரியாது, எந்தப் பாதை லேசு எண்டு பிரெஞ்சில எழுதிக்கிடக்கு. கொஞ்சத் தூரம் வழுக்கினம், பிறகு ஸ்கீப் பலகையளைக் கழட்டித் தோளில வைச்சு நடந்தம். அந்தச் சப்பாத்தோடை ஒண்டரை மணித்தியாலம் நடந்தார் அண்ணை, பள்ளத்தில. ஒருக்காலும் நில்லு எண்டு சொல்லேல்லை. பாதியில, மலையில விழுந்த ஆக்களைத் தூக்குற சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் வந்து, வண்டிலில ஏறுங்கோ, இழுத்துக்கொண்டு போறன் எண்டு கையால காட்டினான். நான் வேண்டாம் எண்டிட்டன். அதுக்கும் காசு கேப்பாங்கள் எண்டு நினைச்சன். கேக்கமாட்டாங்களாம், பிறகுதான் தெரியும்.

ஞாயிறு ராவிராவா ஓடித் திங்கள் விடிய அவரைக் கொண்டுபோய் வீட்டில விட்டன். சாருஜா வந்து என்னைக் கட்டிப்பிடிச்சாள். புதன் காய்ச்சல். வியாழன் வீடு முழுக்க ஒரு மணம், என்னெண்டு தேடிக்கொண்டுபோய் சொக்ஸைக் கழட்டிப் பாத்திருக்கிறாள். சலரோகக்காரருக்குக் காலில நோவு தெரியாது, ஒவ்வொரு நாளும் பாக்கவேணும் எண்டு அவளுக்கும் தெரியாது அண்ணை, பாவம். முதல் ரண்டு விரல் எடுத்தவங்கள். பிறகு பாதம். பிறகு கிருமி எலும்புக்குள்ளை போயிட்டுது எண்டு முழங்காலுக்குக் கீழ. மூண்டு கிழமைக்குள்ளை மூண்டு தரம்.

ரண்டாந்தரம் வெட்ட முதல் டொக்டர் வந்தான். நான் கட்டில்மாட்டில நிக்கிறன், சாருஜா அங்காலை. அவன் கேக்கிறான், இந்தப் புண் எப்ப வந்தது, ஆர் முதல் கண்டது எண்டு. முதல் நாளே கண்டு காலை ஊண்டாமல் விட்டிருந்தால் அனேகமாக் காப்பாத்தியிருக்கலாமாம். அனேகமா எண்டுதான் சொன்னவன், கட்டாயம் எண்டு சொல்லேல்லை. சாருஜா என்னைப் பாத்தாள்.

"மாமா, மோட்டலில ஏதும் கண்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை" எண்டன்.

யோசிச்சுச் சொல்லேல்லை அண்ணை. வாய் தானாச் சொல்லிச்சுது. அவள் பாத்துக்கொண்டே நிக்கிறாள். வேறை ஆராவது எண்டால் அதோடை விட்டிருப்பினம், அவளுக்கு அக்காவின்ரை கண். அப்ப அத்தான் கட்டிலில கிடந்துகொண்டு சொல்லுறார், "அவன் காணேல்லைப் பிள்ளை. நான் காட்டேல்லை. சொக்ஸோடைதான் படுத்தனான்."

அவள் அப்பாவோடை ஏசத் தொடங்கிட்டாள். ஏன் அப்பா காட்டேல்லை, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள், எனக்கு ஆர் இருக்கினம் எண்டு அழுகை. அவர் பேசாமல் வாங்கிக்கொண்டு கிடந்தார். நான் பக்கத்தில பாத்துக்கொண்டு நிண்டன். மனிசன் எண்டால் அந்த இடத்தில வாய் திறக்கவேணும். நான் திறக்கேல்லை.

பிறகு அவள் கார் விட்ட இடத்துக்குக் காசு போட எண்டு கீழ போயிட்டாள். அறையில நாங்கள் ரண்டு பேரும். அத்தான் முகட்டைப் பாத்தபடி கதைக்கிறார்.

"சலரோகம் எண்டு கண்டுபிடிச்சுப் பதினேழு வருசம். ஒவ்வொரு நாளும் படுக்க முதல் உன்ரை கொக்கா என்ரை காலைத் தூக்கி மடியில வைச்சு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாப்பாள். அடியில, விரல் இடுக்கில, எல்லாம். நகமும் அவள்தான் வெட்டுறது. நான் என்ரை காலை ஒருநாளும் பாத்ததில்லை தம்பி. அது அவளின்ரை வேலை எண்டு விட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை, மனுசி கால் பிடிக்கிறாள் எண்டு சொல்ல வெக்கம்."

நான் போர்வையை இழுத்து மூடிவிட்டன்.

"அண்டைக்கு நீ குப்பைக்குப் போனதை நான் யன்னலால கண்டனான்" எண்டார்.

அப்பிடியே சொன்னார். கோபமும் இல்லை, ஒண்டும் இல்லை. வெதர் சொல்லுற மாதிரி. நான், அத்தான், எண்டு தொடங்கினன். கையைக் காட்டி நிப்பாட்டினார்.

"உனக்காண்டிப் பொய் சொல்லேல்லை. நீ அவளின்ரை தம்பி. அவள் இருந்திருந்தால் பிள்ளைக்கு முன்னாலை உன்னைக் காட்டிக்குடுக்க விட்டிருக்கமாட்டாள். அதுக்குத்தான். இனி இதைப் பற்றிக் கதையாதை."

அதுக்குப் பிறகு கதைக்கேல்லை. வியாழனுக்கு வியாழன் கூட்டிக்கொண்டு வாறன், கூட்டிக்கொண்டு போறன். போகேக்கை இருபது நிமிசம், வரேக்கை இருபது நிமிசம். வெளியில எத்தினை பாகை எண்டும் அவர் இப்ப சொல்லுறேல்லை.

சொல்லுங்கோ அண்ணை, நான் என்ன செய்ய? பிள்ளைக்குப் போய் உண்மையைச் சொல்லலாம். சொல்லத்தான் வேணும். சொன்னால் என்னை விடுங்கோ, அப்பா தன்னட்டைப் பொய் சொன்னவர் எண்டு வரும். தன்ரை காலை வெட்டிக்கொண்டிருக்கேக்கை தகப்பன் பொய் சொன்னவர் எண்டு. அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு மனிசன். பிறகு அவரையும் நம்பமாட்டாள். சொல்லாமல் இருந்தால், இப்ப என்ன நடக்குது தெரியுமோ? அவள் என்னைக் கும்பிடாத குறை. வீட்டுத் திறப்பு ஒண்டு என்ரை கையில தந்திருக்கிறாள். மாமா மட்டும்தான் எங்களைக் கைவிடேல்லை எண்டு ஊரெல்லாம் சொல்லுறாளாம். அவள் அப்பிடிச் சொல்லேக்கை எனக்கு இஞ்சை, நெஞ்சுக்குள்ளை, ஏதாவது வரவேணுமெல்லே? ஒண்டும் வரேல்லை அண்ணை. அடிச்சுப் பாத்தாலும் வரேல்லை. அக்கா செத்ததுக்கும் வரேல்லை, இதுக்கும் வரேல்லை. ராவில எழும்பி லைற்றைப் போட்டு என்ரை காலைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறன். எனக்குச் சலரோகமும் இல்லை.

மூண்டு மாசத்தில இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மனுசிக்கும் தெரியாது. உங்களை எனக்குத் தெரியாது, அதுதான் சொன்னனான். எழும்பாதேங்கோ, உங்கடை ஆளுக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கு.

அந்தா, கதவடியில நீலக் கோட்டோடை வாறாள், அவள்தான். இண்டைக்கு வேலையால வெள்ளன விட்டிட்டாங்கள் போல. பேசாமல் இருங்கோ. நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ.

வா பிள்ளை, வா. அப்பா உள்ளுக்கை, இப்ப வந்திடுவார். ஐயோ, எனக்கேன் தேத்தண்ணி வாங்கினனீ, காசைச் சிலவழிச்சுக்கொண்டு. இரு, இஞ்சாலை இரு. இவரோ? இவரின்ரை மனுசிக்கு முழங்கால், உள்ளுக்கை நிக்கிறா. ஓமோம், நல்ல மனிசன், எங்கடை பக்கம்தான்.

சும்மா கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள் பிள்ளை. நாங்கள் ஸ்கீ போன கதை. ஓம், அப்பா விழுந்து சிரிச்சது, அதைத்தான். வேறை என்ன கிடக்கு சொல்ல?

நீங்கள் சொல்லுங்கோவன் அண்ணை. அதைத்தானே சொன்னனான்?